மின்னலின் ஒளிக்கை

மின்னலுக்குக் கோபம் வந்தால் அது வருகிற வேகம் மின்னல் வேகம்தான். போவதற்குத்தான் நேரமாகும். புருஷன் மேல் வந்த கோபம் ஒரு வருஷத்துக்கு மேலாகியும் போகவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, கட்டினவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசாமல் ஒருத்தி காலம் தள்ள முடியுமா என்று கேட்டால், நடுவில் ஒரு நாத்தனார் இருந்தால் தாராளமாக முடியும்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, குழாய் ஒழுகுது."

அண்ணன்காரன் அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

"அண்ணா, குழாய் ஒழுகுதாம்."

"பாக்கறேன்னு சொல்லு."

"பாக்கறாராம் அண்ணி. ரெண்டு பேரும் எனக்கு இதுக்குத் தனியா சம்பளம் குடுங்க."

நாத்தனாரை வீட்டில் சின்னவள் என்பார்கள். முப்பதைத் தாண்டிய பிறகும் சின்னவள்தான். வாய் நீளம், மனசு சுத்தம். அவளும் மின்னலும் தினமும் ஒரு தடவையாவது முட்டிக்கொள்ளாவிட்டால் இருவருக்குமே சாப்பாடு இறங்காது.

மின்னல் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். சுவரில் பதிக்கிற சுவிட்சுப் பெட்டிகளுக்குத் தகர மூடி அடிக்கிற இடம் அது. தகட்டை எடுத்து அச்சின் மேல் வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேலேயிருந்து இரும்புத் தலை 'டம்' என்று இறங்கி ஏறும், மூடியாகிவிட்ட தகட்டை எடுத்துக் கூடையில் போட வேண்டும். சொல்லும்போது நாலு வேலை. மின்னல் செய்யும்போது பார்க்கிறவர்களுக்கு ஒரு வேலைதான் தெரியும். மற்றவர்கள் இரண்டு மூடி அடிப்பதற்குள் இவள் மூன்று அடித்துவிட்டு, பக்கத்து மெஷின்காரியின் கொண்டையைக் கேலி செய்தும் முடித்திருப்பாள். "உன் கைக்கு மோட்டார் வெச்சிருக்கியாடி?" என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி தன் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே அவள் இன்னும் கொஞ்சம் வேகமாக அடிப்பாள்.

ஒளிக்கைக்கு அவளைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். ஒளிக்கை என்பதும் தொழிலாளர்கள் வைத்த பெயரே. ஆபீசில் வாயில் நுழையாத வேறு ஏதோ பெயர் சொல்வார்கள். விஷயம் இவ்வளவுதான்: முகத்தில் பாதியை மூடுகிற ஒரு பெரிய கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு பார்த்தால் எதிரே இருக்கிற மேசை, மெஷின், உங்கள் சொந்தக் கை எல்லாம் அப்படியே தெரியும். அதற்கு மேல், நீல வெளிச்சத்தாலான இரண்டு கைகள் காற்றில் வந்து நின்று வேலை செய்து காட்டும். புதிதாகச் சேர்ந்தவர் தன் கையை அந்த ஒளிக்கைக்குள் வைத்து, அது போகிற இடமெல்லாம் போக வேண்டும். ஒட்டிப் போனால் பச்சை. விலகினால் சிவப்பு, கூடவே காதுக்குள் அதட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

அந்த நீலக் கைகள் மின்னலின் கைகள். ஒரு முழு ஷிஃப்ட் அவள் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் மெஷினில் வேலை செய்தாள். அவள் கை அசைந்ததையெல்லாம் அது வாங்கி வைத்துக்கொண்டது. "இனிமே நான் லீவு போட்டாலும் என் கை வேலைக்கு வந்துடும்" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கொஞ்ச நாள் தலைகால் புரியவில்லை.

அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் விபத்து நடந்துவிட்டது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

எப்படி நடந்தது என்று யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். "நான் கையை எடுத்துட்டேன். மெஷின்தான் தானா இன்னொரு தடவை இறங்குச்சு." அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கையை எடுத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்கப்புறம் நினைவிருந்தது சத்தம் மட்டும்தான். மெஷின் தானாக இறங்கியது என்றால், அதைப் பார்த்துக்கொள்கிறவன் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அந்த வரிசைக்கு ஃபிட்டராக இருந்தது வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவனைப் பார்த்து, "நீங்க பாத்த மெஷின்தானே" என்றாள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அவள் வீடு வந்து சேர்வதற்குள் மூடி அடிக்கிற பிரஸ் பிரிவை விட்டுவிட்டு, லாரியில் சரக்கு ஏற்றுகிற பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டான். அதற்கு மேல் அவளுக்கு என்ன சாட்சி வேண்டும்? பேச்சு அன்றோடு நின்றது.

அவளுக்கும் வேலை மாறியது. பயிற்சி அறையில் கண்ணாடி துடைக்கிற வேலை. வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, போகும்போது வாங்கி வியர்வையைத் துடைப்பது, வரிசையாகச் சார்ஜில் போடுவது. இடது கையில் எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கையுறை. காலியாகத் தொங்கக்கூடாது என்று அதன் கடைசி இரண்டு விரல்களுக்குள் பஞ்சை அடைத்துத் தைத்திருந்தாள். வீட்டிலும் கழற்றமாட்டாள். வெறும் கையைச் சின்னவள்கூடப் பார்த்ததில்லை.

நாளெல்லாம் அவள் கையில் புரண்ட அந்தக் கண்ணாடிகளில் ஒன்றையாவது அவள் போட்டுப் பார்த்தாளா என்றால், கிடையாது. உள்ளே இருப்பது முழுசாக இருந்த காலத்துக் கை. அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? "எனக்குத் தலை சுத்தும்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னவள் அதே தொழிற்சாலையில், அதே பிரஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அண்ணன் முதலில் ஒப்பவில்லை. பிறகு, "எதை வேணா பண்ணு. கையை மட்டும் உள்ளே விடாத" என்று நாலைந்து தடவை சொல்லி அனுப்பினான். தங்கை அதற்கும் ஒரு "சரிண்ணா" போட்டுவிட்டுப் போனாள்.

பயிற்சியில் அவளுக்குப் பச்சையே விழவில்லை.

"உங்க கையோட என்னால மல்லுக்கட்ட முடியல அண்ணி" என்று ஒரு நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தாள். "நான் எல்லாம் சரியாத்தான் பண்றேன். எடுக்கறேன், வைக்கறேன், மிதிக்கறேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில வந்து சிவப்பு. அது என்ன கையா, இல்ல மாமியாரா?"

மின்னலுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வெளியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் வந்துடுமா? அதுக்கெல்லாம் கை வேணும்."

"இருக்குற கையை வெச்சுத்தானே நான் பண்ண முடியும்? நீங்க ஒரு தடவை கண்ணாடியைப் போட்டுப் பாத்து, நான் எங்க கோட்டை விடறேன்னு சொல்லுங்களேன்."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லி" என்றாள் மின்னல். பேச்சு அங்கேயே முடிந்தது.

மறுநாள் காலையில் பயிற்சி அறையில் சின்னவள் தலைகீழாக மாறியிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்கும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

"பச்சை! வரிசையா பச்சை! உங்க கள்ளத்தனத்தைக் கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி."

"என்னடி கள்ளத்தனம்?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. பெடலை மிதிச்சதுக்கு அப்புறம் இடது கையால சின்னதா ஒரு வேலை பண்றீங்க. கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடுது. அதை நான் விட்டுக்கிட்டே இருந்திருக்கேன். அதைப் பிடிச்சேன், பச்சையா கொட்டுது. என்னை மெஷினுக்கு அனுப்பிட்டாங்க!"

வேறொரு கண்ணாடியை வாங்கிக்கொண்டு பிரஸ் கூடத்துக்கு ஓடிவிட்டாள். முதல் வாரம் உண்மையான மெஷினிலும் கண்ணாடியோடுதான் உட்கார வேண்டும். ஒளிக்கை அங்கேயும் கூடவே வரும்.

மின்னல் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பெடலை மிதித்த பிறகு வேலையா? மிதித்த பிறகு என்ன வேலை இருக்கிறது? மிதித்தால் தலை இறங்கும், ஏறும், மூடியை எடுக்க வேண்டும். அதற்கு நடுவில் கைக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. இந்தப் பெண் எதைப் பார்த்துவிட்டு எதைச் சொல்கிறது என்று அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபத்தில்தான், ஒரு வருஷமாகத் தொடாத காரியத்தைச் செய்தாள். கண்ணாடியை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள்.

மேசை தெரிந்தது. பயிற்சிக்காக மரத்தில் செய்து வைத்த பொய் மெஷின் தெரிந்தது. 'இடது கை தெரியவில்லை. கையுறையைக் கழற்றவும்' என்று காற்றில் எழுத்து வந்து நின்றது. அறையில் வேறு யாருமில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பல்லால் கையுறையின் நுனியைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள்.

அவள் இடது கையில் ஐந்து விரல்கள் இருந்தன.

மூன்று விரல்கள் சதை. தழும்பு இருக்கிற இடத்திலிருந்து இரண்டு விரல்கள் நீல வெளிச்சத்தில் முளைத்து நின்றன. மடக்கினாள். அவையும் மடங்கின. விரித்தாள். விரிந்தன. வலது கையால் தொடப் போனாள். ஒன்றும் தட்டுப்படவில்லை, தொட்ட கை அந்த விரல்களுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. பேயறைந்தவள் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டூல் இழுபட்ட சத்தம் கேட்டு இன்ஜினீயர் எட்டிப் பார்த்தான். இந்தக் கண்ணாடிகளையெல்லாம் கவனித்துக்கொள்கிற பையன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நல்ல பிள்ளை.

"அக்கா, பயப்படாதீங்க. அது கைன்னா அஞ்சு விரல் இருக்கும்னு வெச்சுக்கிட்டு, தெரியாத விரலை அதுவா வரைஞ்சுக்கும். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்ல தம்பி" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "அந்தப் பாடத்தைப் போடுங்க. என் கையை நான் பாக்கணும்."

அவன் எதையோ தட்டினான். மர மெஷினுக்கு மேல் இரண்டு நீலக் கைகள் வந்து நின்றன.

ஒருத்திக்குத் தன் கையை அடையாளம் தெரியாமல் போகுமா? வலது கட்டைவிரல் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. தகட்டை எடுக்குமுன் விரல்களை ஒரு தடவை உதறிக்கொண்டது. அவளேதான். இடது கையில் ஐந்து விரல், கண்ணாடி வரைந்த பொய் விரல் இல்லாமல், நிஜமாக இருந்த காலத்து ஐந்து. அவளுக்குக் கண் நிறைந்து, கண்ணாடிக்குள் எல்லாம் கலங்கியது. அடக்கிக்கொண்டு பார்த்தாள். கை தகட்டை எடுத்தது, வைத்தது. பெடல் சத்தம் கேட்டது. வெளிச்சத்தாலான இரும்புத் தலை இறங்க ஆரம்பித்தது.

இடது கை உள்ளே போனது.

அவள் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டாள். "நிறுத்துங்க! திரும்பப் போடுங்க. மெதுவா."

மெதுவாக வந்தது. பெடலை மிதித்தாகிவிட்டது. தலை இறங்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் அச்சுக்குள் நுழைந்து, முந்தின மூடியிலிருந்து விழுந்த தகரப் பிசிறை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, தலை வந்து சேர்வதற்குள் வெளியே வந்தன. அடுத்த தகடு. மறுபடியும் அதே. மெஷினை நிறுத்திப் பிசிறைத் துடைக்கிற நேரத்தை மிச்சம் பிடிக்க அந்த இரண்டு விரல்கள் தாமாகவே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தன. அவளைக் கேட்காமல். அவளுக்குச் சொல்லாமல்.

இத்தனை வருஷம் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்த வேகம் இதுதான்!

அப்படியென்றால் மெஷின் தானாக இறங்கவில்லை. எந்த மெஷினும் இரண்டாவது தடவை இறங்கவில்லை. கையை எடுத்தேன், எடுத்தேன் என்று சத்தியம் செய்தாளே, எடுத்த கை திரும்பவும் உள்ளே போயிருக்கிறது. அன்றைக்குப் பிசிறு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். யாரைத் திட்டினோம், யாரோடு பேசாமல் இருந்தோம் என்று ஒரு நினைப்பு வந்து அது முழுசாக முடிவதற்குள் இன்னொரு நினைப்பு, காலையில் சின்னவள் சொன்னது, வந்து அதை இடித்துத் தள்ளியது.

அதைப் பிடிச்சேன், பச்சையா கொட்டுது.

"தம்பி, இதைப் பண்ணலேன்னா சிவப்பு வருமா?"

"எதை அக்கா?"

"உள்ளே கை விடறதை!"

அவன் குனிந்து தன் திரையைப் பார்த்தான். முகம் வெளுத்தது. "திரும்பத் திரும்ப வந்த அசைவு எல்லாத்தையும் அது வேலையோட பகுதின்னு எடுத்துக்கிச்சு அக்கா... நீங்க ஒவ்வொரு தடவையும் பண்ணியிருக்கீங்க... நான் இதை..."

அவன் முடிக்கும்போது அவள் அங்கே இல்லை.

பயிற்சி அறைக்கும் பிரஸ் கூடத்துக்கும் நடுவில் ஒரு முற்றம். ட்ராலிகளும் தகட்டுக் கட்டுகளும் நிற்கிற இடம். கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. வீசி ஓடிய இடது கையில் ஐந்து விரல்களும் கூடவே ஓடின. எதிரே வந்தவன் ட்ராலியோடு ஒதுங்கிக்கொண்டு, "மின்னலக்கா, தீப்பிடிச்சிடுச்சா?" என்று கத்தினான்.

கூடத்துக்குள் நுழைந்ததும் சத்தம். அத்தனை மெஷினும் இடித்துக்கொண்டிருக்கும்போது அங்கே கத்துவதும் ஒன்றுதான், சும்மா இருப்பதும் ஒன்றுதான். சின்னவள் கோடியில், மின்னலின் பழைய மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். விபத்துக்குப் பிறகு அதற்கு ஒரு கம்பி வலைத் தடுப்புப் போட்டிருந்தார்கள். வலை இருந்தால் கை ஒளிக்கையோடு ஒட்டாது, சிவப்பாக விழும் என்று யாரோ அதைத் தூக்கி மேலே கொக்கியில் மாட்டியிருந்தார்கள். சின்னவளின் முகத்தில் பாதி கண்ணாடி, மீதியில் சிரிப்பு. கால் பெடலில். அடித்துக்கொண்டிருந்தாள். வேகமாகவே அடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து தோளைத் தொட்டால் திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் கால் எங்கே போகும், கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மின்னல் பக்கவாட்டில் போனாள். சின்னவளின் இரண்டு விரல்கள் அச்சுக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்தாள். வெளியே வருவதையும் பார்த்தாள். அடுத்த தகடு போய் உட்கார்ந்தது.

மெஷினின் விலாவில் இருந்த சிவப்புக் குமிழை இடது உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

மெஷின் நீளமாக முனகிக்கொண்டு நின்றது. இரும்புத் தலை பாதி வழியில் நின்றுவிட்டது. சின்னவளின் விரல்கள் அதற்குக் கீழே இருந்தன.

"அண்ணி! என்ன பண்றீங்க?" சின்னவள் கண்ணாடியைப் பிடுங்கி எறியாத குறையாகக் கழற்றினாள். "பச்சையா வந்துக்கிட்டு இருந்துச்சு! இப்பத்தான் கை படிஞ்சுது! நான் நல்லா பண்ணிட்டா உங்களுக்குப் பொறுக்காதா?"

மின்னலுக்கு மூச்சு வாங்கியது. கண்ணாடியைக் கழற்றினாள், ஓடிவந்த விரல்கள் இரண்டும் இல்லாமல் போயின. கையுறை இல்லாத அந்தக் கையைச் சின்னவளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிறகு அதைக் கொண்டுபோய், இன்னும் அச்சின் மேல் இருந்த சின்னவளின் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். போன விரல்கள் எவையோ, உள்ளே இருந்த விரல்களும் அவைதான்.

சின்னவள் ஒரு முறை அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். தலைக்கு மேலே பாதியில் நிற்கிற இரும்பைப் பார்த்தாள். கையை மெதுவாக, சூடான பாத்திரத்திலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தாள்.

"அண்ணன் சொல்லிச்சு" என்றாள். "கையை உள்ளே விடாதன்னு அண்ணன் சொல்லிச்சு அண்ணி. கண்ணாடி விடச் சொல்லிச்சு."

அன்று சாயங்காலம் ஃபிட்டர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தபோது மின்னல் அவன் எதிரே வந்து நின்றாள். கையில் கையுறை இல்லை.

"மெஷின் மேல தப்பு இல்ல" என்றாள்.

அவன் வழக்கம்போலத் தங்கையைப் பார்த்தான்.

"அவளை ஏன் பாக்கறீங்க? உங்ககிட்டதான் பேசறேன்."

அவன் ஒரு செருப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் நடந்ததைச் சொன்னாள். ஒன்றும் மறைக்கவில்லை. தன் விரல்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று சொன்னபோது குரல் உடைந்தது. "தெரியாமப் பண்ணிட்டேன். தெரியாம உங்களைப் பேசிட்டேன்" என்றாள். அவன் ஆச்சரியப்படுவான், கோபப்படுவான், ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கத்துவான் என்று எதிர்பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

அவளுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை.

"மறுநாளே மெஷினைப் பிரிச்சுப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதுவுமில்லாம, நீ அப்படிப் பண்றதை நான் ஏற்கெனவே ரெண்டொரு தடவை பாத்திருக்கேன். சொல்லணும்னு நினைச்சேன். நீ அந்த வேகத்துல சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பே. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். அது என் தப்புதானே? அதனாலதான் நீ கேட்டப்ப தலையைக் குனிஞ்சேன்."

"அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? சின்னவகிட்ட என்னைத் திட்டிட்டுப் படுத்தா உனக்குத் தூக்கம் வந்துச்சு. நானே பாத்தேன். உன் கையையே நீ திட்ட ஆரம்பிச்சா எப்பத் தூங்குவே? அதான், என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மின்னலுக்குத் தலையில் யாரோ ஓங்கிப் போட்டது போல இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் வாயில் விழுந்து கிடந்தவன், ஒரு வார்த்தையில் எழுந்திருக்க முடிந்தும் எழாமல் கிடந்திருக்கிறான். அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்று இருந்தது. அதே மூச்சில், வேறொன்றும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததை வாய்க்குள் வைத்திருக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"நீங்க வாயைத் திறந்திருந்தா அந்த ஒளிக்கையை அன்னைக்கே அழிச்சிருப்பாங்க" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். ஒரு வருஷமாக அவன் அந்தக் கண்ணாடியைப் போட்டதில்லை, அதற்குள் எது பதிந்திருக்கிறது என்று யோசித்ததும் இல்லை. இப்போதுதான் யோசித்தான். யோசித்தது முகத்தில் தெரிந்தது. சுவரோரமாக நின்றுகொண்டிருந்த தங்கையின் கைகளை, ஒவ்வொரு விரலாகப் பார்த்தான். பத்தும் இருந்தன. அவன் உதடு கோணிக்கொண்டு போனது. அந்த வீட்டில் அவன் அழுது இரண்டு பெண்களும் அதுவரை பார்த்ததில்லை.

"சரி, அழாதண்ணா" என்றாள் சின்னவள். "எண்ணிப் பாத்துட்டே இல்ல, சரியா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் இனிமே நேராவே பேசிக்கோங்க. எனக்கு வாய் வலிக்குது."

பழைய பதிவை மறுநாளே அழித்தார்கள். கம்பி வலையைக் கொக்கியிலிருந்து இறக்கி, இனி யாராலும் தூக்கி மாட்ட முடியாதபடி திருகிவிட்டார்கள். அந்த மாதிரிப் பச்சை வாங்கிப் போனவர்கள் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். புதிதாகப் பதிய ஒரு கை வேண்டும் என்று இன்ஜினீயர் சொன்னபோது மின்னல், "நானே பதியறேன்" என்றாள்.

"அக்கா, உங்க கையை அது அஞ்சு விரலா வரைஞ்சுடுமே."

"மூணுதான்னு அதுகிட்ட சொல்லுங்க தம்பி. உங்களால முடியும்."

அவனுக்கு நாள் பிடித்தது. அந்தக் கண்ணாடிக்கு மூன்று விரலை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் அவன் பாதியாகிவிட்டான். பதிவின்போது மின்னல் வேகமே காட்டவில்லை. எடுத்தாள், வைத்தாள். மிதிக்கும்முன் இடது கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தலை இறங்கி ஏறும்வரை கை அங்கேயே இருந்தது.

இப்போது கண்ணாடி போடுகிற புதியவர்கள் எல்லாருமே முதல் தடவை பாதியில் நின்றுவிடுகிறார்கள். நீலக் கையில் இரண்டு விரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, தங்கள் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். கண்ணாடி ஏதோ கோளாறு என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களும் உண்டு. மின்னல் வாங்கித் துடைத்துக்கொண்டே, கையுறை இல்லாத கையால் திரும்ப நீட்டுவாள். "கோளாறு இல்ல. போய்ப் பாருங்க" என்பாள்.

ஒரு நாள் மதியம் ஃபிட்டர் லாரிப் பக்கத்திலிருந்து வந்து வாசலில் நின்றான். எனக்கும் ஒன்று கொடு என்று கை நீட்டினான். மாட்டிவிட்டாள். அவன் மர மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, தன் பெரிய கைகளை அவள் கைகள் இருந்த இடத்தில் வைத்தான். எடுத்தான், வைத்தான். இடது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனான். பாடம் மேலே போனது. தலை இறங்கியது, ஏறியது, ஒளிக்கைகள் அடுத்த தகட்டுக்குப் போய்விட்டன. அவன் கை நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியின் கீழ்விளிம்பிலிருந்து கன்னத்தில் நீர் இறங்கியது.

"சிவப்பு வந்திருக்கும்" என்றாள் மின்னல். "கையை எடுங்க."

"வரட்டும்" என்றான் அவன்.